ஆறரை மணிக்கு வராத மகள்

புதன்கிழமை, 12 நவம்பர்

ஸ்கொட்லாந்து டிவியில் மகள் இன்று முதன்முதலாய் வானிலை சொன்னாள். அங்கத்தைய ஒரு கிழமை நிகழ்ச்சி நிரலை பிரிண்ட் எடுத்து, ஆறரை மணிக்கு வட்டம் போட்டு, சொந்தக்காரரையெல்லாம் எங்கள் லண்டன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். வந்ததோ லண்டன் செய்தி. அந்த ஊர் நிகழ்ச்சி இங்கே வராது என்று இந்த மண்டையில் ஏறவேயில்லை.

“அத்தான், குளிரிலை பிள்ளை நல்லா வெளுத்திட்டாள்” என்று மனுசியின் தம்பி, திரையில் நின்ற வெள்ளைக்காரியைக் காட்டினான். ரோல்ஸ் தின்ற வாயெல்லாம் சிரித்தது.

அந்த நேரம் பார்த்து மகளின் போன்.

“அப்பா, எப்பிடி?”

“ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. சோக்காய்ச் சொன்னாய்.”

“நடுவிலை எல்லாம் மறந்துபோய்ப் பேசாமல் நிண்டனே, பார்க்கேல்லையோ?”

அழுகிற குரல். போனை மனுசியின் கையில் திணித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். பாவம், அவளும்தான் பார்க்கவில்லை.