வலக்கையில் தூக்கிப் பார்த்து வாங்கிய ரம்பம்

என் உயிரான பன்னீரு,

உன் சாவுக்கு உன் இடது கைதான் காரணம் என்கிறார்கள். அது பொய். இந்தக் கடிதத்தை, நாம் மரம் அறுத்த கும்மிடிப்பூண்டி ஷெட் வாசலில் ஒட்டப்போகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

ஷெட்டுக்கு ரம்பம் வாங்கப் போன பட்டணத்துக் கடையில் இரண்டு கரண்டு ரம்பங்களை எடுத்து வைத்தார்கள். வட்ட ரம்பம் பலகையை நீளத்துக்கு விர்ரென்று கிழித்தது. ஊசி ரம்பத்தில் மெல்லிய அலகு மேலும் கீழும் ஓடியது. மெதுவானது, ஆனால் வளைவும் வெட்டும், எந்தக் கைக்கும் அடங்கும். ஒன்றுதான் வாங்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. யாரிடமும் பாடம் கேட்காமல் தொழில் கற்றவன் என்ற திமிரில், வட்ட ரம்பத்தை வலக்கையில் தூக்கிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. உன் கையை நான் ஏன் நினைக்கவில்லை?

அதன் அறுக்கும் சக்கரம் வலது பக்கம். எனக்கு அது உடம்பை விட்டு விலகி ஓடும். இடக்கையில் பிடித்த உனக்கோ தொடைக்கு நேராக ஓடியது.

"இன்னா மச்சான், உன் கைக்கு அளவெடுத்து வாங்கினு வந்துட்டியா? தூளெல்லாம் என் மூஞ்சில அடிக்குது. அந்த இன்னொண்ண மாத்திக்கினு வா" என்று முதல் நாளே சொன்னாய்.

மேனேஜரிடம் சொன்னேன். "சோத்துக் கையால புடிக்கச் சொல்லுய்யா! இவனுக்குன்னு தனியா மிஷினு செய்வாங்களா?" என்றார். ஷெட்டே சிரித்தது. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஈரம் காயாத மாம்பலகையில் சக்கரம் இறுகிப் பின்னால் எகிறி உன் தொடையில் பாய்ந்தது. உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன லாரி கவரைப்பேட்டை தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

உன் வேலையை உன் தம்பி அருளுக்குத் தருகிறார்களாம். அவனும் இடக்கைக்காரன். அதே ரம்பம். அந்த வேலையைத் தர, 'சொல்லியும் கேட்காமல் இடக்கையால் அறுத்தான்' என்ற தாளில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லையென்றால் வேலை இல்லை.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உனுக்கு ரோஷம் பெருசுண்ணே. எங்க ஊட்ல அடுப்பு எரியணும். போட்டுத் தொலையேன்."

போட்டால் அந்தச் சக்கரத்துக்கு நேரே அருள் நிற்பான். போடாவிட்டால் அவள் வீட்டில் பட்டினி. எந்தப் பக்கம் திரும்புவேன், நீயே சொல்லேன்?

போடமாட்டேன்.

மேனேஜர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, ஊசி ரம்பம் வாங்க வேண்டும். அருளுக்கு வேலை தர வேண்டும். ஊசி ரம்பம் வரும்வரை அவன் கைரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். அன்று சிரித்தவர்கள், சிரித்ததை மேனேஜர் முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கச்சி என்னோடு பேச வேண்டாம், நான் அனுப்பும் அரிசியைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும். ரம்பத்தைப் பார்த்து வாங்கியவன் நான்தான் என்று உன் சாவைப் பற்றிய விசாரணையில் நான் சொல்ல வேண்டும். சொல்வேன் பன்னீரு, சத்தியம்.

உன் பேச்சைக் கேட்காத
மச்சான்