நான் மூடிய மைக்

அக்கா,

திங்கட்கிழமை பூம்ப்ளிஸிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உங்கள் மகள் அனுப்பியிருந்தாள். பள்ளி உங்களுக்குத் தந்திருந்த மடிக்கணினி, கம்பிகள், ஹெட்செட். ஹெட்செட்டின் காதுப் பஞ்சில் நீங்கள் நெஞ்சுக்குப் பூசும் தைலம் இன்னமும் மணக்கிறது. பள்ளிச் சாமான்களைப் பதிந்து அலமாரியில் அடுக்குவது என் வேலை. அடுக்க முடியவில்லை. ஐம்பது வயது ஆம்பிளை, மேசைக்குக் கீழே குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

எங்கடின் மலைப்பக்கத்து ஹோட்டலொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை நொஷாட்டல் நகரத்தில் நீங்கள் படிப்பித்த பள்ளிக்கு இழுத்துவந்தது நீங்கள்தான். "இவன் ஊரிலை கொம்பியூட்டர் படிச்சவன்" என்று தலைமையாசிரியரிடம் அடித்துச் சொன்னீர்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் நடத்தும் பள்ளி. மணியும் இல்லை, பூசையும் இல்லை. முதல் கிழமையே கேட்டேன், "என்னக்கா, இவையள் சும்மா இருக்கிறதையோ கும்பிடுறது எண்டு சொல்லுகினம்?" மன்னார்க் கத்தோலிக்கரான நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "ஓமடா, உன்ரை வாய்க்கு அதுதான் மருந்து."

வெள்ளிக்கிழமை காலையில் பத்து நிமிட மௌனம். மனம் உந்தினால் யாரும் எழுந்து பேசலாம். நடத்துபவர் பக்கத்திலிருப்பவருக்குக் கைகொடுத்தால்தான் மௌனம் முடியும். அதுவரை யாரும் அசையமாட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு மலைக்கிராமத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தும் மற்றவர்கள் வகுப்பிலிருந்தும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கியபோது, கைகொடுப்பதற்குப் பதிலாகக் கமெராவுக்கு உள்ளங்கையைக் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தது நீங்கள். பிறகு உங்களுக்கு மூச்சிழுப்பு கடுமையாகி, நீங்களும் வீட்டிலிருந்தே கணக்குப் படிப்பித்தீர்கள். வகுப்பில் திரையையும் மைக்குகளையும் பார்த்துக்கொள்ளும் உங்கள் கைகால் நான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். "மௌனத்திலை ஒருத்தற்றை மைக்கையும் மூடாதையடா. மூடினா அது மௌனமில்லை, ஆளில்லாத வீடு." நாய் குரைக்கும், பால் பொங்கும், எவருடைய அம்மாவோ தும்முவார். நீங்கள் கண்ணை மூடியபடி புன்னகைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கென்றால் எரிச்சலாக இருக்கும்.

போன மாரியில் அந்த வெள்ளிக்கிழமை நீங்கள்தான் நடத்தினீர்கள். மூன்றாவது நிமிடமோ என்னவோ, உங்கள் மூச்சு கரகரவென்று ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கியது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம்! நாசமாய்ப்போன என் விரல் உங்கள் மைக்கை மூடியது.

வகுப்பு அடங்கிவிட்டது. பத்து நிமிடம் போனது, இருபது போனது. நீங்கள் தலையைக் குனிந்தபடியே இருந்தீர்கள். கையைக் காட்டவில்லை. யாரும் அசையவில்லை. இன்றைக்கு அக்காவுக்கு மௌனம் நன்றாகக் கூடிவந்திருக்கிறது என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. கடைசியில் வீட்டிலிருந்த சிறுமி ஒருத்திதான் திரையில் எழுதினாள்: "மதாமுக்கு ஏன் கண் திறந்திருக்கு?"

அம்புலன்ஸை அனுப்பிவிட்டு நானும் ஓடிவந்தேன். அரை மணித்தியாலம் முன்னர் தெரிந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் வைத்தியர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செத்தவீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, அம்மா கஷ்டப்பட்டவவோ? ஏதும் சத்தம் போட்டவவோ?"

"இல்லைப் பிள்ளை. அமைதியாப் போயிட்டா."

அந்தப் பொய்யை அவள் எல்லோருக்கும் சொன்னாள். பார்சலில் இருந்த துண்டுக் கடதாசியிலும் எழுதியிருந்தாள்: "அம்மா அமைதியாப் போனவ எண்டு நீங்கள் சொன்னபடியாத்தான் மாமா எனக்கு நித்திரை வருது. வெள்ளிக்கிழமை பள்ளியிலை அம்மாவின்ரை நினைவா வைக்கிற மௌனத்துக்குத் திரையிலை வாறன்." சொன்னால் அவளுடைய நித்திரை போகும். சொல்லாவிட்டால் நான் விசராகிவிடுவேன். நாலு நாளும் தின்னவும் இல்லை, படுக்கவும் இல்லை.

இன்று காலை உங்களுக்கான மௌனத்தை நடத்தச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். உங்கள் மகள் பெரிய திரையில் இருந்தாள். சற்று நேரத்தில் அவள் விம்முவது அறை முழுக்கக் கேட்டது. பக்கத்திலிருந்த பிரெஞ்சு ஆசிரியை என்னைப் பார்த்து, அந்த மைக்கை மூடு என்று கையால் காட்டினார். பாவம், அவரும் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தார்.

நான் எழுந்து நின்றேன். தமிழில் சொன்னேன், அந்த அறையில் வேறு யாருக்கும் விளங்காது. "பிள்ளை, அண்டைக்கு அம்மா அமைதியாப் போகேல்லை. மூச்சுக்குத் தவிச்ச சத்தம் கேட்டது. பிள்ளையள் சிரிக்குதுகள் எண்டு நான்தான் மைக்கை மூடினனான்."

அவள் என்னைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. பிறகு கையை நீட்டித் தன் மைக்கை மூடினாள். வாய் அசைந்தது, அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. பிறகு எழுந்து போய்விட்டாள்.

மௌனத்தை நான்தான் முடித்துவைக்க வேண்டும். கையைத் தூக்க முடியவில்லை. ஆசிரியைதான் வந்து என் கையை எடுத்துக் குலுக்கினார். பிள்ளைகள் எழுந்து போனார்கள்.

அதே அறையிலிருந்துதான் இதை எழுதுகிறேன், அக்கா. மத்தியானமாகிவிட்டது. அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை. திரையில் அவளுடைய வெறும் கதிரை தெரிகிறது. அவளுடைய மைக்கை இங்கிருந்தே என்னால் திறக்க முடியும். தொடமாட்டேன். அவளாகத் திறந்து என்னைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்கட்டும். உங்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருக்கிறேன்.