பெரிய வெள்ளிக்கிழமை போட்ட மாத்திரை

இயேசு மரி சூசை

மயிலம் வழி, திண்டிவனம் தாலுகா
24.4.2002, புதன்

அன்புள்ள மகன் இருதய அருணுக்கு அம்மா எழுதுவது. அந்த வெயில் தேசத்தில் தேவமாதா உன் தலைக்கு நிழலாக இருக்கட்டும்.

பெரிய வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். அப்பா ஒருவர், நான் ஒருத்தி. பகல் பன்னிரண்டு மணிக்கும் அதே இரண்டு பேர்தான். மூன்று மணிக்குக் கோயில் படியில் அப்பா விழுந்தபோது அங்கே இருந்தவர்கள் நான், சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வந்த பதினோரு பேர், கழனியில் மல்லாட்டைச் செடி பிடுங்கிவிட்டு அந்த வழியாக வந்த எதிர்வீட்டு வெள்ளையம்மாள். போனில் உன்னிடம் நான், காலையில் பால் வாங்கப் போயிருந்தேன், அந்த நேரத்தில் அப்பா தானாகவே மாத்திரையைப் போட்டுக்கொண்டார் என்று சொன்னேன். நான் பால் வாங்கப் போகவில்லை. அன்றைக்கு நம் வீட்டில் பாலே வாங்கவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பூத்துக்கு அப்பாவும் கூடவே வந்து பக்கத்தில் நிற்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். அவர் இப்போது கட்டுப்போட்ட கையோடு கோயில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறார். வருவதற்குள் முடிக்க வேண்டும்.

என் மருந்து நோட்டு உனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷமாகக் காலை ஒரு கட்டம், இரவு ஒரு கட்டம் போட்டு, மாத்திரை கொடுத்ததும் சிவப்புப் பேனாவால் டிக் போடுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். டாக்டர் சீட்டில் ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. என்றால் இரண்டு வேளை, ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் சாப்பாட்டுக்குப் பின் என்று பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துப் போய் மெடிக்கல் கடை கோதண்டபாணியிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். அவர்கூட, இன்னாம்மா நீயே ஊசி போட்டுடுவ போலக்கீதே என்று கிண்டல் செய்வார். தெருவில் யாருக்குச் சீட்டு கொடுத்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை என்பதில் அதைவிடப் பெருமை.

இந்தத் தவக்காலத்தில் உன் விசா புதுப்பிப்பது இழுத்துக்கொண்டே போனது. அதற்காக நான் ஒரு நேர்ச்சை வைத்தேன். பெரிய வெள்ளியன்று மாலை கோயிலில் சிலுவையை முத்தி செய்து முத்தமிடும்வரை நானும் அப்பாவும் பச்சைத் தண்ணீரோடு இருப்பது என்று. போன வருஷங்களில் அப்பா பகலில் ஒரு வேளை கேப்பைக் கஞ்சி குடிப்பார். நோயாளிகளுக்கு ஒருசந்தி உபவாசம் கடமை இல்லை என்று பங்குக் கோயில் தேவசகாயம் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். நான்தான், பிள்ளைக்காக ஒரு நாள் வயிற்றைக் கட்ட முடியாதா என்று கேட்டேன். அப்பா சரி என்று தலையாட்டினார்.

அன்று காலை வழக்கம்போலப் பாகற்காய்ச் சாறு கொடுத்தேன். மருந்துதானே, ஒருசந்தி முறியாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பிறகு மாத்திரையை எடுத்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஏண்டி செல்வி, இத்தப் போட்டுக்கினு சாப்பிடாம இருந்தா ஒண்ணும் ஆவாதா என்று கேட்டார். கேட்டார், மகனே. நான், சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற மாத்திரைதாங்க, சாப்பிடலைன்னா இன்னும் நல்லாதான் வேலை செய்யும், ஒரு நாளும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு என்றேன். அவர் போட்டுக்கொண்டார். நான் டிக் போட்டேன்.

சாப்பாட்டுக்கு முன் என்று எழுதினால், அரை மணியில் சாப்பாடு வரும் என்று நம்பித்தான் எழுதுகிறார்கள். மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், சாப்பாடு வந்து அதைத் தாங்க வேண்டும். இதை இப்போது ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன். சீட்டெழுத்து தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பாவுக்கு வேர்த்தது. சட்டை நனைந்துவிட்டது. வெயில் என்று நினைத்தேன். கை நடுங்கியது. பிறகு சின்னப் பிள்ளை மாதிரி, கொஞ்சம் வெல்லம் இருந்தா குடேன், வாய்க்கு இனிப்பாக் கேக்குது என்றார். சர்க்கரை ஏறிவிட்டது, அதனால்தான் படபடப்பு என்று நான் முடிவு கட்டினேன். சர்க்கரைக்காரருக்கு வெல்லமா, அதுவும் இன்றைக்கா, சிலுவையில் ஆண்டவர் புளித்த காடியைக் குடித்த நாளில் உங்களுக்கு இனிப்புக் கேட்குதா என்று கடிந்துகொண்டேன். வெல்லப் பானையை எடுத்துப் பரணில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை. அன்று மணி அடிக்க மாட்டார்கள் அல்லவா, அதற்குப் பதிலாக மரத்தட்டியைத் தட்டுவதற்காக, கோயில் உபதேசியார் என்ற முறையில் அப்பா படி ஏறினார். தட்டி கீழே விழுந்தது, அவரும் விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது, நெற்றியில் ஆறு தையல். எல்லோரும் ஜெபம் சொன்னோம். வெள்ளையம்மாள்தான் அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யக்கா இன்னா ஜெபம் பண்ணிக்கினு கீற, சர்க்கர எறங்கிப்போச்சு, ஜல்தி சர்க்கர கொண்டா என்று கத்தினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவளே பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு பிடி அள்ளி வந்து அவர் கன்னத்துக்குள் தேய்த்தாள். அவள் வீட்டுக்காரர் பெரியசாமிக்குப் போன வருஷம் கழனியில் இதே மாதிரி ஆனதாம். அப்போது நர்ஸ் சொன்னதை அவள் மறக்கவில்லை. எனக்கும் முதல் நாளே டாக்டர் சொன்னார், வேர்த்து நடுங்கினால் உடனே இனிப்புக் கொடுங்கள் என்று. என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நான் எழுதிக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தில் டாக்டர், பட்டினி கிடப்பவருக்கு மாத்திரை கொடுத்தது யார் என்று கோபமாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா படுத்தபடியே, நானேதாங்க போட்டுக்கினேன், அவ ஊட்ல இல்ல என்றார். முதல் பொய் அவருடையது. ஆனால் அதை எடுத்து உனக்குச் சொன்னவள் நான்.

நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன், விழுந்ததில் உடைந்த அவர் கண்ணாடியை அப்போது இன்னும் மாற்றவில்லை என்பதால். ஊருக்கே வேதம் வாசிப்பவருக்கு ஒரு மாத்திரையை ஒழுங்காகப் போடத் தெரியவில்லையா, இனி உபதேசியார் வேலை வேண்டாம், ஊர் ஊராக நோயாளிகளைப் பார்க்க சைக்கிளில் போய் எங்கேயாவது விழுந்து கிடந்தால் நான் என்ன செய்வேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரிகளை என் வாயாலேயே அவர் முகத்துக்கு நேராக வாசித்தேன். அவர், புள்ள பயத்துல எழுதுறான் என்று மட்டும் சொன்னார். சாமியாருக்கும் நீ எழுதியதால், மே 26 ஞாயிறு பூசைக்குப் பிறகு அப்பா கோயில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. இருபத்தாறு வருஷமாக அவர் இடுப்பில் இருந்த சாவி.

உன்மேல் குறை சொல்லவில்லை. உனக்குச் சொன்ன பொய்யை வைத்து நீ சரியாகத்தான் நடந்தாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டால் அவர் சாவியை அப்பாவிடமே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாளே பீடத்திலிருந்து மே 26 என்று தேதியை வாசித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூசையில் நன்மை அப்பம்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை வைத்து அவர் வெளியே ஒரு துரும்பையும் அசைக்கக்கூடாது. எனக்குப் பாவமன்னிப்பு கொடுக்கும்போதே, வெளியில் சொல்ல வேண்டியவர்களுக்கு நீயேதான் சொல்ல வேண்டும் அம்மா என்று சொல்லியிருந்தார். நான் ஆமென் என்று சொல்லிவிட்டு அதை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன்.

அப்பாவிடமும் சொன்னேன், பிள்ளைக்கு உண்மையை எழுதிவிடுகிறேன் என்று. வேண்டாம் என்றார். எம்மேல கோவிச்சிக்கினா நாலு நாள்ல தணிஞ்சிடுவான், உம்மேல கோவிச்சிக்கினா அங்க தனியாக் கீற புள்ளைக்கு வேற யாரு கீறாங்க என்றார். இப்போது தினமும் சாவிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். தான் போய்ப் பார்க்கும் நோயாளிகளின் பெயர்களை, வருகிறவருக்குத் தெரிய வேண்டுமென்று, இடது கையால் எழுதி வைக்கிறார்.

நேற்றுக் காலை டிக் போட நோட்டைத் திறந்தபோது பழைய பக்கம் ஒன்று மடங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். பெரிய வெள்ளிக்கிழமை. என் சிவப்பு டிக்குக்குப் பக்கத்தில், கோணல் கோணலாக, நானே போட்டேன் என்று எழுதியிருந்தது. பிற்பாடு நீ வந்து நோட்டைப் பார்த்தால் என்மேல் சந்தேகம் வரக்கூடாது என்று அந்த உடையாத கையால் எழுதி வைத்திருக்கிறார். வெல்லம் கேட்டவருக்குக் கொடுக்காத என்னைக் காப்பாற்ற.

அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். டிக் என்னுடையது, எழுத்து அவருடையது. இரண்டையும் நீயே பார். இந்தச் சனிக்கிழமை சாமியார் வீட்டுக்குப் போய், முழங்கால் போடாமல், பாவசங்கீர்த்தனமாக இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து அவரிடமும் சொல்லப் போகிறேன். ஆனால் உன் கடிதத்தை நம்பித்தான் சாவியைக் கேட்டார்கள். உன் கடிதம் வந்தால்தான் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அப்பா சம்மதிப்பார்.

கட்டு பிரிக்க இன்னும் இரண்டு வாரம். சர்க்கரை இப்போது அளவோடு இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறார். அவர் சட்டைப் பையில் வெல்லக்கட்டி ஒன்றைத் தாளில் சுற்றிப் போட்டிருக்கிறேன். எறும்பு வருகிறது என்று சிரிக்கிறார். நீயும் வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. எனக்காக எந்த ஒருசந்தியும் இருக்காதே.

என்மேல் கோபப்படு. அது எனக்கு வர வேண்டியது. திருக்குடும்பத்தின் ஆசீர் எப்போதும் உன்னோடு இருக்கட்டும். இங்கே கடிதம் வர பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அப்பாவுக்கு ஒன்று, சாமியாருக்கு ஒன்று, மே 26க்கு முன் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
அ. லூர்துசெல்வி