கடைசிப் பக்கத்து நீலப்பூ

என் செல்லத் தம்பி ரகு,

கோபிக்காதே, உன் பூக்கொப்பியை வெளியே கொண்டுபோனேன். அதை எரித்துவிடென்று உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! எங்கே என்ன காட்டுப்பூ நிற்கிறதென்று அம்புக்குறியும் புள்ளடியும் போட்டு, வரைபடம் கீறி, தமிழில் எழுதி, அதோடு இந்தக் கொழும்பில் திரிய உன்னைப்போல ஒரு விசரனால்தான் முடியும். சோதனைச்சாவடியில் ஒருநாள் முழுக்க உன்னை மறித்து வைத்தார்கள். "பூதானே அக்கா, குண்டே?" என்று சிரித்துக்கொண்டு வந்தாய்.

நெஞ்சடைப்பில் நீ போய் ஐந்து மாதம். கடைசிப் பக்கத்தில் மட்டும் படமில்லை. "சதுப்பில் பூக்கும் நீலம். சட்டைப் பொத்தானளவு. இன்னும் காணவில்லை." அந்த வெறும் பக்கம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

ஞாயிறு காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறி அத்திடியச் சதுப்புக்குப் போனேன். பற்றைக்குள் நுளம்பு பிய்த்துத் தின்றது. பிறகு கண்டேனடா! புல்லுக்குள் நூல்போல ஒரு தண்டு, இலைகூட இல்லை, நுனியில் அந்த நீலம். நடுவில் மெல்லிய கோடுகளால் வலை பின்னியிருந்தது. யார் பார்க்கவென்று இவ்வளவு வேலைப்பாடு? சேறென்றும் பாராமல் அப்படியே குந்திவிட்டேன்.

"கவுத எதன?"

யாரங்கே என்று சிங்களத்தில் கேட்டபடி, பின்னால் ஒரு ஆமிக்காரன். கொப்பியைப் பறித்துப் புரட்டினான். அம்புக்குறி, புள்ளடி, தமிழெழுத்து. முகம் மாறியது. என்னைக் கொண்டுபோனால் போகட்டும், உன் கொப்பி திரும்பி வராதே! அரைகுறைச் சிங்களத்தில், "செத்துப்போன தம்பியின் கொப்பி, எல்லாம் பூ" என்று நிலத்தைக் காட்டினேன்.

துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு அவனும் குந்தினான். "நில் மொணரெஸ்ஸ" என்றான். நீல மயிற்கண்ணாம். அவனுடைய ஊர் வயலில் நிறையப் பூக்குமாம், ஊருக்குப் போய் ஒரு வருடமாம். எனக்குப் பிடுங்கித் தரக் கையை நீட்டினான்.

"எபா, மல்லி!" வேண்டாம் தம்பி என்று கத்திவிட்டேன், உன்னை அதட்டுகிற அதே தொண்டையில். துவக்கு வைத்திருப்பவனையடா! அவனோ சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

கொப்பியைத் திருப்பித் தந்து, இனி இதைக் கொண்டு திரிய வேண்டாம் என்றான். "கவனம், அக்கே."

ஐந்து மாதமாக என்னை யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை, ரகு. பஸ்ஸில் வழிநெடுக அழுதேன்.

படம் கீறியிருக்கிறேன். கத்தரிக்காய் போல வந்திருக்கிறது, சிரிக்காதே. கீழே அவன் சொன்ன பெயரை எழுதி, "இன்னும் காணவில்லை" என்பதை வெட்டிவிட்டேன். பூ நிற்கிற இடத்தை மட்டும் கீறவில்லை. கொப்பியை எரிக்கமாட்டேன். ஒவ்வொரு மழைக்கும் போய், உனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவேன்.

சண்டைக்கு ஆளில்லாத
உன் அக்கா