குழாய் திரும்பிய திசை

ஜூன் 12, வியாழன்

காலை முழுக்க ஒலிபெருக்கிக் குழாய்களைத் துடைத்து வெயிலில் வைத்தேன். அல்லி அதில் ஒன்றுக்குள் வற்றல் மிளகாயைக் கொட்டி வைத்துவிட்டாள். கேட்டால், சும்மாதானே கிடக்கு என்கிறாள். வீட்டுக்காரி பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?

திங்கட்கிழமைக்கு ஒரு மைக் செட் வேலை வந்திருக்கிறது. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் சமாதானக் கூட்டம். கீழத்தெருவின் சித்திரைத் திருவிழாவில் கம்பெடுத்து அடித்துக்கொண்டார்கள். ஏழு பேருக்குத் தையல். இரண்டு தெருத் திருவிழாவுக்கும் பதினோரு வருடமாக நான்தான் செட் கட்டுகிறேன். நான் யார் பக்கம் பேச?

ஜூன் 16, திங்கள்

சண்டைக்கு மூலகாரணம் என்ன என்று கூட்டம் நடத்த வந்த வருவாய் அதிகாரி கேட்டார். வாய்க்கால் தண்ணீர் என்றார்கள், ரேஷன் கடை வரிசை என்றார்கள், எப்போதோ வயலில் மேய்ந்த மாடு என்றார்கள். எல்லாம் முன்பே பேசித் தீர்த்தவை. கடைசியில் மேலத்தெரு நாட்டாண்மை தங்கையன் எழுந்தார். "வேணும்னே குழாய எங்க வீட்டப் பாத்துக் கட்டி, காது கிழியப் போட்டா சும்மா இருப்பமா?"

கீழத்தெருப் பெரியவர் கைலாசநாதன் விடவில்லை. "ஆடியில நீங்க மட்டும் எங்களப் பாத்துக் கட்டலியா?"

கட்டியது நான் அல்லவா!

காற்று வரும் பக்கம் குழாயின் முதுகைக் காட்டித்தான் கட்டுவேன். வாயில் மண் போனால் உள்ளே சத்தம் எழுப்பும் யூனிட் கெட்டுவிடும். சித்திரையில் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும்; கீழத்தெருக் குழாய் மேற்கே பார்க்கும். ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று, மேலத்தெருக் குழாய் கிழக்கே பார்க்கும். அடப்பாவி சிலம்பரசா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த திங்களுக்குள் சமாதானம் ஆகாவிட்டால் ஆடித் திருவிழாவுக்கு அனுமதி இல்லையாம். கூட்டம் கலைந்ததும் வயரைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

அல்லியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். உண்மையைச் சொன்னால் இரண்டு தெருவும் சேர்ந்து என்னை அடிக்கும் என்றேன்.

"அடிக்கட்டும்ங்க. சேந்துதான அடிப்பாங்க."

ஜூன் 20, வெள்ளி

மச்சான் ஊருக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அல்லி பையை ஒளித்துவிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

சொல்லிவிட்டேன். மைக்கிலேயே. குழாயைக் கையில் தூக்கிக் காட்டி, காற்றைச் சொல்லி, மண்ணைச் சொல்லி — எந்தத் தெருவும் என்னிடம் திசை சொன்னதில்லை, எல்லாம் என் வேலை என்றேன்.

தங்கையன் திட்டத் தொடங்கினார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கைலாசநாதன் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஓய்ந்ததும் கைலாசநாதன் நெற்றித் தையல் தழும்பைத் தடவிக்கொண்டு, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நாங்க" என்றார். தங்கையன் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. குழாயைத் திருப்பியது நான்தான். ஆனால் அந்த 'வேணும்னே'? அதை நான் கட்டவில்லையே. வாய்க்காலிலும் வரிசையிலும் மாட்டிலும்கூட அதுதானே இருந்தது?

அனுமதி கிடைத்துவிட்டது. அல்லி பாயசம் வைத்தாள்.

ஜூலை 25, வெள்ளி

மேலத்தெருத் திருவிழா. காற்று வேட்டியைப் பறிக்கிறது. போனால் போகட்டும் யூனிட் என்று குழாயை மேற்கே, வெறும் வயலைப் பார்த்துக் கட்டினேன். அல்லியின் பழைய சேலையைக் கிழித்து அதன் வாயை மூடினேன். தங்கையன் கீழே நின்று மூன்று தடவை சரிபார்த்தார்.

பதினோரு மணிக்குப் போன். கைலாசநாதன். மறுபடி திட்டத்தான் போகிறார் என்று எடுத்தேன்.

"என்ன தம்பி, ஒரு பாட்டும் இங்க வந்து சேரல. பொம்பளைங்களுக்குப் பாட்டு இல்லாம வேல ஓடலயாம். கொஞ்சம் எங்க பக்கம் திருப்பேன்."

தங்கையனிடம் சொன்னேன். அவரே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.