கழுதை நிற்கும் சுவர்

மார்ச் 3

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உயரம் குறையாமல் நலமாக இருக்கிறாயா? "போன்ல நீ அழுவ, நான் சமாதானம் சொல்லணும், இங்க மேனேஜர் முறைப்பான். எழுதுடி, நிதானமா படிக்கிறேன்" என்றாயே, எழுதுகிறேன். எலிக்குட்டி இப்போதுதான் கண் அசந்தாள்.

சமையலறையைப் புதுப்பிக்கிறோம். பழைய பலகைகளை எடுத்தாயிற்று. "சுவரைவிடப் பிசுக்குதான் கெட்டியா நிக்குது" என்கிறார் கார்பென்டர் அண்ணன். இளமஞ்சள் அடிக்கப் போகிறோம். மேடைக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எலிக்குட்டிக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை இல்லை. "அம்மா" கூட இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதெல்லாம் புரிகிறது. "சில பிள்ளைங்க லேட்டாதான் பேசும்" என்று ஊரே சொல்கிறது. எனக்குத்தான் வயிற்றில் புளி கரைகிறது. பேச்சுப் பயிற்சி தரும் மேடம் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க பரீட்சை வைக்கிறீங்கம்மா. இது என்ன, அது என்னன்னு கேக்காதீங்க. அவ பாக்கறதை நீங்க சொல்லிட்டே இருங்க" என்றார்.

நாங்கள் பகல் முழுக்கக் கிடப்பது சமையலறையில். அங்கே அவள் பார்க்க என்ன இருக்கிறது? கடையில் ஒரு பழத்தட்டுப் படம் வாங்கி மாட்டினேன். "வாங்க முடியாத பழமெல்லாம் சுவர்லயாவது இருக்கட்டும்" என்றார் இவர். எலிக்குட்டி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஹாஸ்டலில் நீ வார்டனை வரைந்தது நினைவிருக்கிறதா? திட்ட வந்த வார்டனே, "இதை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு வாங்கிப் போனாரே. உன் கோட்டுக்கு உயிர் உண்டு. அதை நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஒரு படம் வரைந்து தருவாயா?

உன்,
புலம்பல் ராணி

—

மார்ச் 12

என் புலம்பல் ராணிக்கு,

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்காக நான் ஒரு கோடும் போட்டதில்லை. சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, கொசுவத்திப் பெட்டி. போன வாரம் செத்த கொசுவை வரைந்தேன். "இன்னும் கொஞ்சம் சந்தோஷமா சாகட்டும்" என்று மேனேஜர் திருப்பி அனுப்பினார். இந்தக் கையை நம்பியா கேட்கிறாய்?

இருந்தாலும், நீ கேட்டு நான் எதை இல்லையென்றேன்? சுவரின் அளவு அனுப்பு. பிள்ளை தானாக எதைப் பார்க்கிறாள் என்றும் எழுது. நீ அவளுக்குக் காட்டுவதை எழுதாதே.

புளியைக் கரைத்துக் குழம்பில் ஊற்று, வயிற்றில் வேண்டாம்.

ஒட்டகம்

—

மார்ச் 20

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

அளவைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். மூன்று நாள் அவளையே கவனித்தேன். ஆச்சரியமாக இருந்தது. நான் நீட்டிய பொம்மை எதையும் அவள் சீண்டவில்லை. ஜன்னல் வழியே தெரு. அவ்வளவுதான். சைக்கிளில் தண்ணீர் கேன் கொண்டுவருபவர், இஸ்திரி வண்டி, நொண்டி நாய், எதிர்க் காலிமனையில் மேய்கிற கழுதை. கழுதை வந்தால் சாப்பாடு வாயிலேயே நின்றுவிடும். ஒரு தாய் இதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் பார். கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது.

உன்,
பு. ரா.

—

ஏப்ரல் 16

என் அருமை ஒட்டகமே,

நீ பலகையில் வரைந்த படம் போன வாரமே வந்துவிட்டது. பிரித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டில் ஏற்கனவே ஒருத்தி அப்படி, இப்போது இரண்டு பேர்.

சைக்கிள்காரர் கேனின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை எப்படியடி பார்க்காமலே வரைந்தாய்? நொண்டி நாயின் தூக்கிய காலில் எவ்வளவு கர்வம். மாட்ட வந்த கார்பென்டர் அண்ணன் ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். "கழுதை என் மச்சான் மாதிரியே பாக்குது" என்றார். இளமஞ்சள் சுவரில் அந்தப் பலகை ஏறியதும் அறைக்கு இன்னொரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருக்கிறாயே, அது தனி அழகு. கற்றவள் கற்றவள்தான்.

எலிக்குட்டி ஸ்டூலைப் படத்தின் அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் மேடம் சொன்னபடி படத்தைச் சொல்லிக்கொண்டே சமைக்கிறேன். ஒன்றுதான் புரியவில்லை. தினமும் அந்த வெள்ளை ஓரத்தைத் தட்டித் தட்டி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். கோபித்துக்கொண்டாள்.

உன்,
பு. ரா.

—

ஏப்ரல் 23

அடி அப்பாவி,

அது அழகு இல்லை, பசை போடும் இடம்.

அட்டைப்பெட்டியில் வலது ஓரத்தை மடித்து ஒட்டுவார்கள். அங்கே எதை வரைந்தாலும் பசைக்குள் போய்விடும். அதனால் விட்டுவிடுவோம். கை அந்தக் கோட்டில் தானாக நின்றுவிடுகிறது. உன் கடிதத்தைப் படித்ததும் படத்தின் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கழுதை இடதுபக்கம் பார்த்து நிற்கிறது. பின்பக்கம் கோட்டோடு முடிகிறது. வால் இல்லை. உன் வீட்டுச் சுவரில் நான் மாட்டியிருப்பது ஒரு பெரிய பிஸ்கட் பெட்டி.

நீ புகழ்ந்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள். கம்பெனி என் கையைத் தின்றுவிட்டது என்று சந்தேகம் இருந்தது, இப்போது தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாலை வைத்துவிட்டு, அத்தோடு பிரஷ்ஷை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்.

ஒட்டகம்

—

ஏப்ரல் 26

என் ஒட்டகமே,

உன் கடிதம் மதியம்தான் வந்தது. காலையில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

அடுப்பைப் பார்த்தபடி நான் என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கழுதைக்கு ரெண்டு காது, நாலு காலு, ஒரு வாலு." பின்னால் பலகையில் பட்பட்டென்று அடி விழுந்தது. திரும்பினேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, வெள்ளை ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வாலு இல்ல" என்றாள்.

அடுப்பை அணைத்தேன். பரீட்சை வைக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். இவர் பாதி ஷேவிங்கோடு ஓடி வந்தார். "என்னடா சொன்னே? அப்பாகிட்டச் சொல்லு." அவரையும் அப்படியே பார்த்தாள். "இல்ல." நுரையோடு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தினமும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் துணியை எடுத்துத் துடைத்தேன். கழுதையின் கண்ணை நீ அவ்வளவு உண்மையாக வரைந்திருக்காவிட்டால் அவளுக்கு அதன் வாலைப் பற்றி என்ன கவலை? பிஸ்கட் பெட்டிக் கழுதைக்காக யாராவது சண்டை போடுவார்களா? உன் கையைப் பற்றி இதற்குமேல் யாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும்?

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே. காலையிலிருந்து அவள் வாயில் அந்த ஒரு சொல்தான். சாதம்? இல்ல. குளியல்? இல்ல. தூக்கம்? இல்ல. நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்கிறேன், காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே. மேடத்துக்குத் தெரிந்தால் திட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. வாலை நீ வைப்பதா வேண்டாமா என்று அவளையே கேட்டுக்கொள். பதில் என்னவென்று உனக்கே தெரியும்.

உன்,
எலிக்குட்டியின் அம்மா