எதற்கு இந்த முட்டை?

12.8.1971, வியாழன்

கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. கையை ஊன்றினேன், சுவரைப் பிடித்தேன் — கால் கேட்கவில்லை. மருமகள் ராஜாத்தி வந்துதான் தூக்கினாள். வெட்கக்கேடு. அறுபத்தெட்டு ஒரு வயதா?

சாயங்காலம் வண்டி கட்டித் திருவிடைமருதூருக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கமருன்னிஸா என் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலையில் பழையது, மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி மோர் சோறு என்றேன்.

"வயசானா சதை தானா கரையும்மா. வெறும் சோறு அதை நிறுத்தாது. மூணு வேளையும் முட்டை, பருப்பு, மீன், பால்னு ஏதாவது ஒண்ணு உள்ள போகணும். நாற்காலியில உக்காந்து உக்காந்து எந்திரிங்க."

நெல் கொட்டிக்கிடக்கும் வீட்டுக்காரியிடம் சோறு போதாது என்கிறார்! மருந்து எழுதித் தராத டாக்டரை நான் நம்புவதில்லை.

16.8.1971, திங்கள்

காலையில் உளுந்தங்கஞ்சி. மத்தியானம் இரண்டு முட்டை. ராத்திரி கெட்டிப் பருப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதிர்ப்பேச்சு பேசுகிற ராஜாத்தி, இப்போது பக்கத்தில் நின்று "தின்னுங்க அத்தை" என்கிறாள். முதல் வாயைப் பூனைக்குப் போட்டேன். பூனை நன்றாகத்தான் இருக்கிறது.

25.8.1971, புதன்

என் மகன் தியாகேசன் கும்பகோணத்திலிருந்து ஆட்டுக்கால் வாங்கி வந்திருக்கிறான். தியாகேசன்! அவன் அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கி வராதவன். "அம்மாவுக்கு சூப்பு வச்சுக் குடு" என்கிறான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? நிலம் என் பேரில் இருக்கிறது. எழுதி வாங்கப் பார்க்கிறானோ?

9.9.1971, வியாழன்

தெரிந்துவிட்டது. கூடத்தில் தியாகேசன் பங்காளி செல்லதுரையிடம் பேசியது காதில் விழுந்தது. உழுகிறவன் பேரைக் குத்தகைப் பதிவில் ஏற்றச் சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. ஏறிவிட்டால் அவனைக் கிளப்புவது லேசில்லை. நம் மூன்று ஏக்கரை உழுகிற வீரையன் மனுப் போட்டிருக்கிறான். அதிகாரி வயலுக்கே வந்து விசாரிப்பாராம்.

"அம்மாவே வரப்புல நின்னு, நான்தான் ஆள் வச்சுப் பண்ணை பாக்குறேன்னு சொல்லணும். தூக்கிட்டுப் போனா எவன் நம்புவான்? நடந்து வரணும்ல!"

அட பாவி! சந்தைக்கு ஓட்டுகிற மாட்டுக்குப் புண்ணாக்கு வைப்பதுபோல எனக்கு ஆட்டுக்கால்! ராஜாத்தி அப்போது காப்பி கொடுத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். அவளும் கூட்டு.

தட்டைத் தள்ளிவிடலாமா? ஏன் தள்ள வேண்டும்? எதற்காகப் போட்டாலும் சதை என் காலில்தானே ஒட்டுகிறது.

18.9.1971

புரட்டாசிச் சனிக்கிழமை. முட்டை இல்லை. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை. ஒரு வேளைகூட விடமாட்டாள் போலிருக்கிறது.

26.9.1971, ஞாயிறு

கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். கையை ஊன்றாமல்! யாரிடமும் சொல்லவில்லை.

வீரையன் மடையில் மாட்டியதென்று விரால் கொண்டுவந்தான். "ஆச்சி உடம்புக்கு நல்லதுங்க" என்றான். ஓகோ, இவனுக்கும் என் கால் வேண்டியிருக்கிறதா? மீனை வாங்கிக்கொண்டேன், முகம் கொடுக்கவில்லை.

நான் வயல் பக்கம் போயே இரண்டு வருஷமாகிறது. பண்ணை பார்க்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் — நாளைக்கு விழுந்தால் தூக்க யார் வருவார்கள்?

4.10.1971, திங்கள்

இன்று வயலில் விசாரணை. நடந்தே போனேன். வாய்க்கால் கரை, பிறகு வரப்பு. தியாகேசன் பெருமையாகப் பின்னால் வந்தான். நடவு பச்சை பிடித்திருந்தது. வீரையன் எட்ட நின்றான், முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும்மா சாகுபடி?" என்று அதிகாரி கேட்டார். தியாகேசன் என் வாயையே பார்த்தான்.

"அவன்தாங்க, வீரையன். எங்க வீட்டுக்காரர் காலத்துலேர்ந்து. நான் குத்தகை நெல்லு வாங்குறவ, அவ்வளவுதான்."

திரும்பும்போது தியாகேசன் எனக்காக நிற்கவில்லை. நானே வந்து சேர்ந்தேன்.

5.10.1971, செவ்வாய்

"அவங்களுக்கு இனிமே ரசம் சோறு போதும்!" — காலையில் அடுக்களையில் தியாகேசன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மத்தியானம் சாப்பிடப் போகப் பயமாக இருந்தது. எனக்கா பயம்! போய் உட்கார்ந்தேன். தட்டில் இரண்டு முட்டை.

"உன் புருஷன் சொன்னது காதுல விழலையா?"

"அவர் சொல்லியா ஆரம்பிச்சேன், அவர் சொல்லி நிறுத்த? டாக்டரம்மா சொன்னாங்க, போட்டேன். அன்னிக்குக் கொல்லையில தூக்குனப்ப உங்க உடம்புல ஒண்ணுமே இல்ல அத்தை. பயந்துட்டேன். ஆறிடும், தின்னுங்க."

இவளைப் போய் என்னென்னவெல்லாம் நினைத்தேன்! தின்றேன்.

7.10.1971, வியாழன்

ராஜாத்தி எல்லோருக்கும் கடைசியாகத்தான் சாப்பிடுகிறாள். இன்று அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். ரசம் சோறு, ஊறுகாய்.

"முட்டை எங்கடி?"

"எனக்கெதுக்கத்தை? நான் என்ன கிழவியா?"

"ஆகமாட்டியா?"

ராத்திரிக்கென்று எனக்கு எடுத்து வைத்திருந்த முட்டையை அவள் தட்டில் வைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.